இடிக்க வேண்டாம், முதலில் கூரையைப் பாருங்கள்

(வாடிப்பட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புயல் வந்தால் சத்தம் போட்டுக்கொண்டு வரும். வெள்ளம் வந்தால் கரையை உடைத்துக்கொண்டு வரும். வெயில் அப்படி வருவதில்லை. வாசலில் வந்து நிற்கும், ஓட்டில் ஏறும், மொட்டைமாடித் தட்டட்டியில் உட்காரும், இரவானதும் கட்டிலுக்கு மேலே வந்து இறங்கும். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் முதலில் தொடும். 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலால் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு என்று அரசாணை சொல்கிறது. நல்லது. ஆனால் அந்த உயிரை வீட்டுக்குள்ளேயே காப்பாற்ற முடியாதா? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

இன்றைய பொருள் இதுதான்: நாம் குடியிருக்கும் பழைய வீட்டை இடிக்காமல், வெக்கை குறைந்த வீடாக, கரண்டு பில் குறைந்த வீடாக, தண்ணீரை வீணாக்காத வீடாக மாற்றுவது எப்படி?

ஒரு கல்யாணம் வருகிறது. அல்லது அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள். உடனே வீட்டில் என்ன பேச்சு? "பழசை இடிச்சுப்புட்டுப் புதுசாக் கட்டிருவோம்." ஆயிரம் வீடுகளில் கேட்ட பேச்சு இது. நான் கேட்கிறேன்: இடிப்பது எதை? அந்தச் செங்கல் காளவாசலில் நாள்கணக்கில் விறகு எரித்துச் சுட்ட செங்கல். அந்தச் சுண்ணாம்பு சூளையில் வெந்த சுண்ணாம்பு. அந்தத் தேக்கு உத்திரம் ஒரு மரத்தின் ஆயுள். இதற்கெல்லாம் ஆன நெருப்பு என்றோ எரிந்து முடிந்துவிட்டது. கடன் அடைந்த வீடு அது. அதை இடித்துக் கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டு, புதிதாக நெருப்பு மூட்டப் போகிறோம். சிமெண்ட் செய்ய 1450 டிகிரி சூடு வேண்டும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து மட்டும் வருகிறது. மணலுக்கு வைகை என்ன பாடுபட்டது என்பதைச் சோழவந்தான் பக்கத்து மக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

எல்லா வீட்டையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. தளத்துக் கம்பி துருப்பிடித்து, அடிப்பக்கம் சிமெண்ட் பெயர்ந்து விழுகிறதா? சுவரில் கை நுழையும் அளவு வெடிப்பு அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறதா? பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் இடிக்கச் சொன்னால் இடியுங்கள். உயிரைவிட வீடு பெரிதில்லை. ஆனால் காரை உதிர்ந்ததற்காக, பழைய மோஸ்தராக இருக்கிறது என்பதற்காக, நல்ல எலும்புள்ள வீட்டை இடிப்பது தகாது.

மதுரைக்குப் போய்ப் பாருங்கள். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய மகால் இடிந்து சரிந்துகொண்டிருந்தது. 1866-இலிருந்து 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் அதைப் பழுதுபார்க்க வைத்தார். அதனால் இன்று நாம் அண்ணாந்து பார்க்க அந்தத் தூண்கள் நிற்கின்றன. ராணி மங்கம்மாள் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனையைப் பாருங்கள். நாயக்கர் காலத்துக் கட்டடம். வெள்ளைக்கார அதிகாரிகள் அதில் குடியிருந்தார்கள். 1959 ஏப்ரல் 15-இல் நேரு வந்து அதைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். ராணி போனார், துரை போனார், வீடு போகவில்லை. ஒவ்வொரு காலத்துக்கும் ஏற்றபடி திருத்திக்கொண்டார்கள். அரண்மனைக்கு ஒரு நியாயம், நம் அப்பத்தா வீட்டுக்கு ஒரு நியாயமா?

சரி, வேலைக்கு வருவோம். இப்போது என்னோடு ஒரு வீட்டுக்குள் வாருங்கள். இந்த ஊரில் தெருவுக்குப் பத்து இருக்கும் அந்த மாதிரி வீடு. முன்னால் திண்ணை. அடுத்து ஓடு போட்ட பட்டாசாலை. அதற்குப் பின்னால், எண்பதுகளில் கையில் கொஞ்சம் காசு வந்தபோது கட்டிய கான்கிரீட் அறை. கடைசியில் சிமெண்ட் சீட் இறக்கிய அடுப்படி. சித்திரை மாதம், இரவு பத்து மணி. எந்த இடத்தில் படுப்பீர்கள்?

திண்ணையில். சரிதானே? அடுத்தது ஓட்டுக்குக் கீழே. கான்கிரீட் அறையில் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. ஏன்?

நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டு வைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. அப்போது சுவரில் வெயில் எவ்வளவு விழும்? சரிந்துதான் விழும். கூரையில் எவ்வளவு விழும்? முழுசும் விழும். காலையிலிருந்து மாலைவரை விழும். கறுத்துப்போன சிமெண்ட் தளம் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடுகிறது. கோடையில் அந்தத் தளத்தின் மேல்பரப்பு அறுபது டிகிரி வரை காய்கிறது. குடித்த சூடு உடனே கீழே இறங்காது. நாலைந்து மணிநேரம் கான்கிரீட்டுக்குள் நடந்து வரும். மதியம் ஒரு மணி வெயில் சாயங்காலம் அறைக்குள் வந்து சேரும். மூன்று மணி வெயில் இரவு எட்டு மணி வாக்கில் வந்து சேரும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் அறை வெந்துகொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஓட்டுக் கூரை அப்படியில்லை. ஓடு மெல்லியது, சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள சந்து வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். அதனால் சொல்கிறேன், ஓட்டைப் பிரிக்காதீர்கள். குரங்கு உடைக்கிறது, மழைக்கு ஒழுகுகிறது என்பீர்கள். உண்மைதான். உடைந்த ஓட்டை மாற்றுங்கள், இற்றுப்போன ரீப்பரை மாற்றுங்கள், கீழே ஒரு தட்டு அடித்து நடுவில் காற்று நடமாட இடம் விடுங்கள். ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டால் இரவுத் தூக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இப்போது கான்கிரீட் அறை. அதை என்ன செய்யலாம்? மேலே ஏறுங்கள். தட்டட்டியைக் கூட்டுங்கள், கழுவுங்கள், காயவிடுங்கள். வெள்ளையடியுங்கள்!

சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். பொங்கலுக்குப் பொங்கல் அடிக்கிறோம். அந்த வெள்ளை மேலே போகட்டும். புதிதாக அடித்த வெள்ளை, விழும் வெயிலில் பத்தில் ஏழு பங்கையாவது வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். கீழே அறையில் இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை குறையும். கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், ஆனால் குறையும். இது என் ஆசைப் பேச்சு இல்லை. 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த ஆமதாபாத் நகரம், பின்னர் ஏழைகளின் குடியிருப்புக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையையும் அதில் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா அரசு 2023-இல், வெயிலை இப்படித் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டு, ஐந்து ஆண்டுகளில் 300 சதுர கிலோமீட்டர் கூரையைக் குளிர்கூரையாக்குவது என்று இலக்கு வைத்தது. அவர்கள் ஊரில் அடிக்கும் வெயில்தானே நம் ஊரிலும் அடிக்கிறது?

சாதாரண சுண்ணாம்பு போதும். நன்றாக நீற்றி, துணியில் வடிகட்டி, பிடிப்புக்கு வஜ்ஜிரமோ பசையோ சேர்த்து இரண்டு முறை அடியுங்கள். மழைக்குக் கரையும், தூசியில் மங்கும், ஆகவே வருஷா வருஷம் அடிக்க வேண்டும். தை, மாசியில் அடித்துவிட்டால் பங்குனி வெயிலுக்கு வீடு தயார். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் குளிர்கூரைக்கென்று விற்கும் பெயிண்டை அடிக்கலாம், சில வருஷம் நிற்கும். டைல்ஸ் கடையில் கழித்துப் போட்ட வெள்ளை டைல்ஸ் துண்டுகளைக் கேட்டு வாங்கித் தளத்தில் பதிக்கலாம். அது இன்னும் நீண்ட நாள் உழைக்கும்.

பழைய கொத்தனார்களுக்கு வேறொரு வழியும் தெரியும். செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்த காலம் இருந்தது. சூடும் இறங்காது, மழையும் இறங்காது. அந்தத் தளத்தின் மேல் வெறும் காலோடு நடந்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். செலவு கூடுகிறது, ஆள் கிடைக்கவில்லை என்று அதைக் கைவிட்டோம். இன்னொரு முறையும் உண்டு. மண்பானைகளைத் தளத்தில் வரிசையாகக் கவிழ்த்து, இடைவெளியை நிரப்பி மேலே பூசுவார்கள். பானைக்குள் அடைபட்ட காற்று சூட்டைத் தடுக்கும். பானை வனையும் மானாமதுரை எவ்வளவு தூரம்? நம் மண்ணும் இருக்கிறது, அந்த மண்ணைப் பானையாக்கும் கைகளும் இருக்கின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: இவை எல்லாம் பாரம். பழைய தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். வெள்ளைக்குப் பாரம் இல்லை. அதனால்தான் அதை முதலில் சொன்னேன்.

இனி அடுப்படி. தாய்மார்களே, இந்த வீட்டிலேயே மிக மோசமான இடம் உங்களுடையது. தணிந்த சீட், கீழே நெருப்பு, நடுவில் நீங்கள். வீடு கட்டும்போது கடைசியாக நினைத்த அறை அது. திருத்தும்போது முதலாவதாக நினைக்க வேண்டிய அறை அது. சிமெண்ட் சீட்டானாலும் தகரமானாலும் மேலே வெள்ளை அடியுங்கள், மெல்லிய கூரைக்கு இதன் பலன் உடனே தெரியும். சூடும் புகையும் மேலே ஏறிப் போக உயரத்தில் ஒரு திறப்பு வையுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டாக இருந்தால் அதைத் துளைக்காதீர்கள், உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு விஷம்.

சீட்டின் கீழேயும் தாழ்ந்த தளத்தின் கீழேயும் வாழ்கிறவர்கள் யார்? தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள், வாடகைக்கு ஒற்றை அறையில் இருப்பவர்கள். அரசு கட்டிய சமத்துவபுரக் குடியிருப்புகளில் முதலாவது நம் மதுரை மாவட்டத்தில்தான், திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையில், 1998-இல் திறக்கப்பட்டது. அன்றைக்குப் புது வீடு. இன்று அதுவும் பழைய வீடு. அரசு கட்டித் தந்த இப்படிப்பட்ட வீடுகளைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கும்போது, அந்தக் கணக்கில் கூரை வெள்ளையும் ஒரு வரியாக இருக்க வேண்டும் என்று கேட்போம். கிராம சபையில் எழுந்து கேட்போம். வீடு வாடகைக்கு விட்டவர்களும் இங்கே இருப்பீர்கள். வாடகை ஏற்றும்போது கூரையையும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள் ஐயா.

கூரைக்கு அடுத்தது நிழல். நிழலைப் பற்றி வாடிப்பட்டி வட்டாரத்துக்கு யார் பாடம் எடுப்பது? சோழவந்தான் கொடிக்காலுக்குள் நுழைந்து பாருங்கள். வெளியே நெருப்பாய்க் காயும், உள்ளே குளுகுளுவென்று இருக்கும். வெற்றிலைக் கொடி வெயில் தாங்காது என்று அகத்தியை நெருக்கி நட்டு, நிழலையும் ஈரத்தையும் அளந்து கொடுக்கிறார் விவசாயி. வெற்றிலைக்குச் செய்வதைப் பிள்ளைகளுக்குச் செய்யக் கூடாதா? பிற்பகல் வெயில் அறைகிற மேற்குச் சுவரைப் பாருங்கள். அங்கே ஒரு பந்தல் போட்டு அவரையோ பீர்க்கையோ ஏற்றுங்கள். இடம் இருந்தால் சற்றுத் தள்ளி ஒரு புங்கை, ஒரு வேம்பு. இடமே இல்லையா? ஜன்னலுக்கு வெளியே ஒரு கிடுகுத் தட்டி. வெளியே என்பதைக் கவனியுங்கள். உள்ளே திரை தொங்கவிட்டால் வெயில் வீட்டுக்குள் வந்த பிறகு மறைக்கிறோம். வெளியே மறைத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம்.

காற்றுக்கு வருகிறேன். ஜெர்மனியில் 1991-இல் டார்ம்ஷ்டாட் என்ற ஊரில், ஒரு சந்துகூட இல்லாமல் அடைத்து, கனமான காப்பு போர்த்தி, மிகக் குறைந்த எரிபொருளில் கதகதப்பாக இருக்கும் வீடு கட்டிக் காட்டினார்கள். அருமையான வேலை. அங்கே பனி பெய்கிறது, உள்ளே உள்ள சூடு வெளியே போகக் கூடாது. இங்கே நிலைமை என்ன? இரவில் உள்ளே உள்ள சூடு வெளியே போனால்தான் தூக்கம் வரும். ஏசி இல்லாத வீட்டுக்கு அந்த அடைப்பு உதவாது. நம் விதி இது: வெயில் ஏறும் முன் ஜன்னலைச் சாத்து, வெயில் இறங்கியதும் எல்லாவற்றையும் திற. எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால்தான் காற்று நடக்கும். எத்தனை பழைய வீடுகளில் பின்பக்க ஜன்னலை ஆணியடித்துப் பீரோவை வைத்து மறைத்திருக்கிறோம்! பீரோவை நகர்த்துங்கள். கொசுவுக்கு வலை அடியுங்கள். முற்றத்தை மூடிச் சீட் போட்டிருந்தால், மேலே சூடு போக வழி விட்டு உயர்த்திப் போடுங்கள். திருட்டுப் பயத்துக்குக் கம்பி போடலாம், காற்றைத் தடுக்க வேண்டியதில்லை.

சுவரைப் பற்றி ஒரு சொல். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், ஈரத்தை விடும். ஓதம் ஏறுகிறது என்று அதன்மேல் சிமெண்டைப் பூசினால் என்ன ஆகிறது? ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. மறுபடி பூசுகிறோம், மறுபடி உதிர்கிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. அது காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டே இறுகுகிறது.

இவ்வளவும் செய்த பிறகுதான் கரண்டு. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நாளைக்குப் பதினைந்து மணிநேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட் ஆகும். மூன்று ஃபேன் என்றால் 200-ஐத் தாண்டிவிடும். பிஎல்டிசி என்று விற்கும் புதுவகை ஃபேன் 30 வாட். அதே மூன்று ஃபேனுக்கு 81 யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. அந்த 100-க்குள்ளேயே மூன்று ஃபேனும் அடங்கிவிட்டது, பார்த்தீர்களா? ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடுகிற ஃபேனை முதலில் மாற்றுங்கள். 2023 ஜனவரியிலிருந்து ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள். விளக்கு விஷயம் உங்களுக்கே தெரியும், எல்இடிக்கு மாறாத வீடு குறைவு. ஆனால் ஒயரிங்? துணி சுற்றிய பழைய ஒயரும் எர்த் இல்லாத பிளக்கும் உள்ள வீட்டில் எதைத் திருத்துவதற்கும் முன்னால் அதைத் திருத்துங்கள். அது சிக்கனம் இல்லை, உயிர்.

இப்போது எல்லோரும் காத்திருக்கும் சோலார். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில், ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு நாலு யூனிட் தரும். நூறு சதுர அடி நிழல்படாத இடம் வேண்டும். நல்ல திட்டம், பயன்படுத்துங்கள். ஆனால் ஏன் கடைசியில் சொல்கிறேன்? வெந்துபோன வீட்டில் ஏசியை மாட்டி, அந்த ஏசிக்குத் தீனி போட மூன்று கிலோவாட் சோலார் வாங்குவதைக் காட்டிலும், வீட்டைக் குளிரவைத்து, ஃபேனை மாற்றி, ஒரு கிலோவாட்டில் முடித்துக்கொள்வது எவ்வளவு மேல்! தேவையைக் குறைத்துவிட்டு அப்புறம் உற்பத்திக்கு வாருங்கள். தளத்தில் ஒழுகல் இருந்தால் அதை அடைத்த பிறகு ஸ்டாண்டு போடச் சொல்லுங்கள், பலகை ஏறிய பின் அதைக் கழற்றி ஒட்டுப்போடுவது இரட்டைச் செலவு. சோலார் பலகை தளத்துக்கு நிழலும் தரும், அது கூடுதல் லாபம்.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அன்று வைத்த குழாய் இன்று இருக்கிறதா? முனை உடைந்து சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா? மதுரைச் சமவெளிக்கு வருஷம் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆவியானதும் சிதறியதும் போக ஏறத்தாழ 60 ஆயிரம் லிட்டர் கிடைக்கும். கொல்லையில் மூடி போட்டு வைத்திருக்கிறோமே அந்தக் கிணறு, அதற்குள் ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக அதை விடுங்கள். சுண்ணாம்பு அடித்த வருஷம் முதல் இரண்டு மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

"இதற்கெல்லாம் காசு?" என்று ஒரு தாயார் முன்வரிசையிலிருந்து கேட்கிறார். சரியான கேள்வி அம்மா. இந்த வருஷம் வெள்ளை மட்டும். ஒரு வீட்டின் பட்டுப்புடவைச் செலவில் தெருவுக்கே அடித்துவிடலாம். அடுத்த வருஷம் ஜன்னலும் பந்தலும். அதற்கடுத்து ஃபேன். பில்லில் மிச்சமாகும் காசு சோலாருக்கு. மகளிர் குழுக்கள் சேர்ந்து சுண்ணாம்பை மொத்தமாக வாங்கினால் விலையும் இறங்கும். ஒரு தெருவை எடுத்து, ஒரே வாரத்தில் எல்லாக் கூரைக்கும் வெள்ளையடியுங்கள். ஒரு அறையில் வெள்ளை அடிக்கும் முன்னும் அடித்த பின்னும், இரவு எட்டு மணிக்கு வெப்பமானி வைத்துப் பள்ளிப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். அந்த நோட்டை அடுத்த கிராம சபைக்கு எடுத்து வாருங்கள்.

என் பேச்சு இத்துடன் போதும். கேள்விகளுக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். சுண்ணாம்புத் தளம் தட்டிய அனுபவம் உள்ளவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், வந்ததும் நாலு பேரிடம் பேசினேன். கடுக்காய் எத்தனை நாள் ஊற வேண்டும், ஜல்லி எந்த அளவு, எத்தனை நாள் தட்ட வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் மேடைக்கு வந்து சொல்லுங்கள். இளம் கொத்தனார்கள் எழுதிக்கொள்ளட்டும். ஒலிபெருக்கியை அவர்களிடம் கொடுங்கள்.